பெங்களூரில் வாங்கும் பழைய காரைக் கோவை நம்பருக்கு மாற்றுவது: என்.ஓ.சி., ஆயுள் வரி, பெயர் மாற்றம்

ரேஸ்கோர்ஸ்_ரவுண்டு

வணக்கம் நண்பர்களே. பெங்களூரில் ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன். 2018 ஐ20 பெட்ரோல், ஒரே ஓனர், கே.ஏ. 03 நம்பர், 48,000 கிலோமீட்டர் ஓடியது. 5.6 லட்சம் கேட்கிறார். அதே வருஷத்து வண்டி கோவையில் 6.4-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஓனர் அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், அதனால்தான் இந்த விலை.

வண்டியில் லோன் இருந்து முடிந்துவிட்டது. ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இன்னும் இருக்கிறது. நடுவில் இருக்கும் புரோக்கர், "ஒரு வருஷம் வரைக்கும் கே.ஏ. நம்பரிலேயே தாராளமா ஓட்டலாம் சார், சட்டமே அப்படித்தான் சொல்லுது. பெயர் மாத்துற 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்" என்கிறார். இது சரியா? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

பேப்பர்_புலி

புரோக்கர் சொல்லும் ஒரு வருஷக் கதையை முதலில் பார்த்துவிடலாம், ஊரில் பாதிப் பேர் நம்புவது இதைத்தான்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் 12 மாதம் என்று ஒன்று இருப்பது உண்மை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது அது. அது யாருக்கு? வேலை மாற்றலாகி சொந்த வண்டியோடு வருபவருக்கு. அவர் பெயரில் ஆர்.சி. ஏற்கெனவே இருக்கிறது, ஊர்தான் மாறியிருக்கிறது.

நீங்கள் வாங்குகிறீர்கள். உங்களுக்கு வேலை 50-ஆவது பிரிவில். வெளிமாநில வண்டி கைமாறினால் விற்பவர் 45 நாளுக்குள் என்.ஓ.சி.யோடு (பதிவு செய்த ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையின்மைச் சான்று) தெரியப்படுத்த வேண்டும், வாங்குபவர் தன் ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். இதில் ஒரு வருஷம் எங்கேயும் கிடையாது. புரோக்கர் 47-ஐ வைத்து 50-ஐ மறைக்கிறார். தெரிந்து செய்கிறாரா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபார்ம் உங்கள் அலமாரியில் இருக்கிறவரை அது வெறும் காகிதம். அரசின் வாகன் பதிவுத் தளத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர்.

சும்மா_ஓட்டு

பேப்பர் அண்ணா பயமுறுத்தாதீங்க. நான் பல வருஷமா கே.ஏ. வண்டிதான் ஓட்டுறேன், பழைய ஓனர் பெயர்லதான் இருக்கு. அவிநாசி ரோட்டுல எத்தனையோ தடவை நிறுத்தியிருக்காங்க. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று காட்டினா விட்டுடுவாங்க. லட்ச ரூபாய் வரியைக் கொட்டி என்ன சாதிக்கப் போறோம்?

பேப்பர்_புலி

போலீஸ் நிறுத்துவதா பிரச்சினை? வண்டி யார் மேலாவது மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஓனர் பெயரிலேயே நின்றுவிட்டது. 2009-இல் விபத்து. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்ற வாதம் எடுபடவில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீடு அவர் தலையில்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இது விற்பவருக்கு வரும் ஆபத்து. வாங்கியவருக்கு வேறு விதமான ஆபத்து. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாகவே வந்துவிடும், 157-ஆவது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதம்? பாலிசி ஒருவர் பெயரில், ஓட்டுவது வேறொருவர், பணம் கொடுத்து வாங்கியவர் அவர்தான் என்று சர்வேயர் எழுதிவிட்டால் கிளைம் அங்கேயே படுத்துவிடும்.

சும்மா_ஓட்டு தம்பி, உங்கள் பழைய ஓனருக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் தினமும் போன் செய்வார்.

சும்மா_ஓட்டு

அவர் நம்பரே இப்ப என்கிட்ட இல்லண்ணா 😅

கணக்கு_வாத்தியார்

செலவுக்கு வருகிறேன். இங்கேதான் "அங்கே மலிவு" என்ற பேச்சு ஆட்டம் காணும்.

தமிழ்நாட்டு ஆயுள் வரியை நீங்கள் கொடுத்த 5.6 லட்சத்தின் மேல் போட மாட்டார்கள். வண்டி புதிதாக வந்தபோது இன்வாய்ஸில் இருந்த விலைதான் அடிப்படை. ஐ20 அப்போது 7.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி புது கார் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயது ஏற ஏற விகிதம் இறங்கும். ஆக, முழு 13 போட்டால் 97,500. நீங்கள் கட்டப்போவது அதற்குக் கீழே. எவ்வளவு கீழே என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. கவுன்டரில் பதிவு தேதியைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம், பாதிப் பேர் 2023-க்கு முந்தைய அட்டவணையை வைத்துப் பேசுகிறார்கள்.

உங்களுக்கும் கோவை விலைக்கும் உள்ள வித்தியாசம் 80,000. இந்த வரி, புது நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் மாற்றம், ஓசூர் வழியாக வந்து போகும் பெட்ரோலும் சாப்பாடும், தேவைப்பட்டால் ஏஜென்ட் கூலி. எல்லாம் போக மிஞ்சுவது மிகச் சொற்பம், அல்லது கையைக் கடிக்கும். ஆர்.டி.ஓ. கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அடி முழுக்க வரியில்.

என் கருத்து: 10 லட்சத்துக்குக் கீழ் உள்ள சாதாரண கார்களுக்கு வெளிமாநிலம் போவது வேலைக்கு ஆகாது. இங்கே கிடைக்காத மாடல், அல்லது விலை வித்தியாசம் வரியைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ரேஸ்கோர்ஸ்_ரவுண்டு

வாத்தியார் சொன்னதும் தலை சுற்றுகிறது. ஓனர் கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்டியிருக்கிறாரே? அதில் மிச்சம் திரும்ப வரும் என்று கேள்விப்பட்டேன்.

ஓசூர்_பார்டர்

வரும். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் கதை ஓடுகிறது. காலையில் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற ஊர். கே.ஏ. 51, டி.என். 70 இரண்டும் ஒரே போர்ட்டிகோவில் நிற்கும்.

கர்நாடகத்தில் 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம், அதன் மேல் செஸ் வேறு. வண்டி மாநிலத்தை விட்டே போய்விட்டது என்று நிரூபித்தால் வயதுக்கு ஏற்ப ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். ஏழெட்டு வருஷ வண்டிக்குப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் விட்டுவிடுகிற தொகையும் இல்லை.

சிக்கல் இதுதான். வரியைக் கட்டியவர் அவர். திருப்பிக் கேட்கத் தேவையான தமிழ்நாட்டு ஆர்.சி. நகலும் இங்கே வரி கட்டிய ரசீதும் உங்களிடம் இருக்கும். இருவரும் ஒத்துழைக்காமல் அந்தப் பணம் நகராது. அவரோ வெளிநாடு போகிறார். அதனால் ரீஃபண்ட் யாருக்கு என்பதை விலை பேசும்போதே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு 15,000 குறைத்துக் கேட்டு, ரீஃபண்டை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, தலைவலி இல்லை.

இப்போது நடைமுறை. முதலில் பேங்க் பெயர் நீங்க வேண்டும். பேங்கிடமிருந்து லோன் முடிந்த கடிதம், அதோடு பேங்க் முத்திரை போட்ட ஃபார்ம் 35. இது கர்நாடகத்திலேயே முடிய வேண்டும். அதன் பிறகு ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. விண்ணப்பத்தில் எந்த மாநிலம், எந்த ஆர்.டி.ஓ. என்று தேர்வு செய்யச் சொல்லும். கோவை என்று பொதுவாகப் போட முடியாது. தெற்கு 37, வடக்கு 38, மத்தி 66, மேற்கு 99 என்று இருக்கிறது. உங்கள் வீட்டு முகவரி எதில் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பான ஆபீஸுக்கு என்.ஓ.சி. வந்துவிட்டால் மறுபடி பெங்களூர் ஆர்.டி.ஓ.வில் போய் நிற்க வேண்டும்.

பாக்கி அபராதம் எல்லாம் கட்டியிருக்க வேண்டும். பெங்களூர் சிக்னல் கேமரா சும்மா விடாது, ஓனருக்கே தெரியாமல் சலான் குவிந்திருக்கும். 2023 பிப்ரவரியில் பாதித் தள்ளுபடி கொடுத்தபோது கட்ட வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பேப்பர்_புலி

ஓசூர் நண்பர் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

48-ஆவது பிரிவுப்படி என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் மறுப்பு வரவில்லை என்றால் கொடுத்ததாகவே கருத வேண்டும். ஏட்டில் இருப்பது அது. கவுன்டரில் இதைச் சொல்லி வாதாடுவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஆனால் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், என்.ஓ.சி. வராத நிலையில் 50-ஆவது பிரிவு அதையும் ஏற்கிறது.

இரண்டாவது, இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்: ஓனர் அடுத்த மாதம் கிளம்புகிறார். ஆன்லைனில் ஒவ்வொரு படிக்கும் அவர் போனுக்கு ஓ.டி.பி. போகும். அந்த சிம் கார்டு வெளிநாட்டில் செத்துவிட்டால் உங்கள் வேலையும் நின்றுவிடும். என்.ஓ.சி. கையில் வரும்வரை அவர் கிளம்பக் கூடாது, அல்லது அந்த நம்பரை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதித் தருகிறேன் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பணத்தையும் அப்படியே பிரியுங்கள். சின்ன அட்வான்ஸ், பேங்க் பெயர் நீங்கி என்.ஓ.சி. வந்ததும் மீதி.

மதுரை_பட்டறை

காகிதம் எல்லாரும் பேசிட்டீங்க, நான் வண்டியைப் பத்திச் சொல்றேன்.

இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஃபார்மில் ஒட்ட வேண்டும். அந்த நம்பர் எங்கே இருக்கிறதென்று வாங்கும் அன்றைக்கே தேடிப் பாருங்கள். சில மாடலில் முன் சீட்டுக்கு அடியில் கார்பெட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அந்தத் துண்டைத் தூக்கினால் தகட்டில் குத்தியிருக்கும். பல வருஷத்து மண்ணும் சிந்திய காபியும் பிஸ்கட் தூளும் அதன் மேல் கெட்டித்துப் போயிருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, மேலே செல்லோ டேப்பை அழுத்தி உரித்தால் எழுத்து டேப்போடு வந்துவிடும். துருப்பிடித்து ஒரு எழுத்து மங்கினாலும் கேள்வி வரும். அதை எழுத்தாணி வைத்து யாராவது ஆழப்படுத்தியிருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் பெங்களூர் வண்டி என்றாலே 2022 செப்டம்பர் மழையை நினைவில் வையுங்கள். பெல்லந்தூர், யமலூர் பக்கம் கார்கள் கூரை வரை முங்கிக் கிடந்ததை டிவியில் எல்லாரும் பார்த்தோம். அதில் நிறைய வண்டி சுத்தம் செய்யப்பட்டு விலைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு தெரியும். அதை யாரும் துவைப்பதில்லை. சீட் தண்டவாளத்தின் உள்பக்கத் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டில் பச்சைப் பூஞ்சை, இதெல்லாம் பார்த்தால் போதும்.

தேசியக் குற்றப் பதிவுத் துறையின் தளத்தில் வண்டி திருட்டு வழக்கில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சான்று எடுத்துக்கொள்ளலாம். என்.ஓ.சி. கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ.வும் அதைப் பார்ப்பார், ஆனால் பணம் கொடுக்கும் முன் பார்ப்பது உங்கள் வேலை.

ஜெர்சி_தமிழன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே அமெரிக்காவில் வண்டிக்கு டைட்டில் தனி, ரிஜிஸ்ட்ரேஷன் தனி. டைட்டில்தான் சொத்துப் பத்திரம். கடன் இருந்தால் அதிலேயே கொடுத்தவர் பெயர் இருக்கும். விற்பவர் அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நம் மாநிலத்துக்கு எடுத்து வந்து, நம் மாநில விற்பனை வரியைக் கட்டிப் புது டைட்டில் வாங்க வேண்டும். என்.ஓ.சி. என்று ஒன்றே கிடையாது. ஆனால் இங்கேயும் வம்பு உண்டு. கலிபோர்னியாவின் புகை விதிக்குச் சான்று பெறாத வண்டி 7,500 மைலுக்குக் கீழே ஓடியிருந்தால் அந்த மாநில ஆள் அதைக் கொண்டுவந்து பதிய முடியாது. வெளிமாநிலத்தில் மலிவாக வாங்கிவிட்டு முழிப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

நெறியாளர்

ஜெர்சி, நல்ல தகவல். அமெரிக்க நடைமுறைக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் தேடுகிறவர்கள் குழம்புவார்கள்.

புதுவை_பீச்ரோடு

புதுச்சேரி வண்டிக்கும் இதே கதையா? கடலூரில் இருக்கும் என் மச்சான் பி.ஒய். நம்பர் காரைத்தான் பார்க்கிறான். அரை மணி நேர தூரம், அதற்கெல்லாம் என்.ஓ.சி.யா என்று கேட்கிறான்.

பேப்பர்_புலி

அரை மணி நேரமோ அரை நாளோ, யூனியன் பிரதேசம் வேறு பதிவு எல்லை. அதே ஃபார்ம் 28, இங்கே புது நம்பர் கேட்கும் ஃபார்ம் 27, அதே ஆயுள் வரி. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால்தான் பி.ஒய். வண்டி மலிவாகத் தெரிகிறது, அந்த மலிவு எல்லை தாண்டினால் செல்லாது. தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்து அங்கேயே பெயர் மாற்றிக்கொள்ளும் யோசனை வந்தால் மச்சானைத் தடுத்துவிடுங்கள். போலி முகவரியில் புதுச்சேரிப் பதிவு செய்த சொகுசுக் கார்களுக்காகக் கேரளத்தில் 2017-இல் வழக்குகளே போட்டார்கள்.

மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.ஹெச். நம்பர் பற்றிக் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 2021-இல் வந்த அந்தத் தொடர் அரசு ஊழியர், ராணுவம், பொதுத்துறை, அப்புறம் நாலு மாநிலத்திலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு மட்டும்தான். கடை வைத்திருப்பவருக்குக் கிடையாது.

ரேஸ்கோர்ஸ்_ரவுண்டு

ஓனரிடம் பேசினேன். பேங்க் கடிதம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார், ஃபார்ம் 35 இந்த வாரம் போடுகிறார். சலான் பார்த்ததில் ஆறு இருந்தது, அவருக்கே ஆச்சரியம். விலை 5.3-க்கு வந்துவிட்டார், ரீஃபண்ட் அவருக்கு. ஆர்.டி.ஓ.வில் இன்வாய்ஸ் நகலைக் காட்டி வரி கேட்டுக்கொண்டேன், வாத்தியார் சொன்ன உச்சவரம்பை விடக் கணிசமாகக் குறைவு. கோவை விலையோடு ஒப்பிட்டால் இப்போது எடுக்கலாம் என்று தோன்றுகிறது.

புரோக்கர் மட்டும் ஒரு புதுக் கதை சொல்கிறார். "வண்டியை என் பெயருக்கு டெலிவரி காட்டிடுறேன், அப்புறம் நான் உங்களுக்குத் தர்றேன், ஓனர் நிம்மதியா ஃப்ளைட் ஏறலாம்" என்கிறார். இதில் ஏதாவது விவகாரம் உண்டா?

பேப்பர்_புலி

அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்தால் விவகாரம் இல்லை, நல்ல வழிதான். 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி அது. ஓனர் ஃபார்ம் 29சி-யில் ஆன்லைனில் ஒப்படைப்பைத் தெரிவித்தால் டீலரே சட்டப்படி உரிமையாளராகக் கருதப்படுவார், என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு அவரிடம் ஃபார்ம் 29பி-யில் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். காட்டச் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ்_ரவுண்டு

கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். ஓனரிடமே நேரடியாக முடித்துக்கொள்கிறேன், கமிஷன் மட்டும் கொடுத்துவிடலாம்.

கணக்கு_வாத்தியார்

5.3-க்கு என்றால் எடுங்கள். இன்சூரன்ஸில் ஒன்று கவனியுங்கள். நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) பழைய ஓனருடையது, வண்டியுடையது அல்ல. பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள், அதைக் கணக்கில் சேருங்கள். கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸுக்கு எழுதிவிடுங்கள். புது நம்பர் வந்ததும் பாலிசியில் நம்பரை மாற்ற இன்னொரு தடவை எழுத வேண்டும்.

ஓசூர்_பார்டர்

ஃபாஸ்டேக்கையும் அவரை வைத்தே க்ளோஸ் செய்துவிடுங்கள். அது அவர் கணக்கோடு ஒட்டியது, ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். அவர் மூடாமல் நீங்கள் புதிது எடுக்கப் போனால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பும். ஊருக்கு வரும்போது கே.ஏ. நம்பரில் உங்கள் பெயரில் ஒன்று எடுத்துக்கொண்டு, டி.என். நம்பர் வந்ததும் விவரத்தை மாற்றச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி டோலில் ஞாயிறு மாலை டேக் வேலை செய்யாமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் ஹாரனாலேயே கொன்றுவிடுவார்கள், சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள்.

ரேஸ்கோர்ஸ்_ரவுண்டு

சரி. நம்பர் பிளேட் பற்றி ஒரு கேள்வி. இப்போது வண்டியில் உயர் பாதுகாப்பு பிளேட் இருக்கிறது. டி.என். நம்பருக்கு வெளியில் ஸ்டிக்கர் கடையில் அடித்துக்கொள்ளலாமா?

மதுரை_பட்டறை

கூடாது. புது நம்பருக்குப் புது உயர் பாதுகாப்பு பிளேட்தான், வண்டி கம்பெனி டீலர் மூலம் பதிவு செய்து மாட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் எரிபொருள் ஸ்டிக்கரிலும் பதிவெண் இருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள், நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோலுக்கு வெளிர் நீலம். ஆர்.சி. கைக்கு வரும் முன் பழைய பிளேட்டைக் கழற்றாதீர்கள்.